தாளைப் புரட்டிப் பாருங்கள்: கரிம வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரியிலும் தனிப்பயிற்சி நிலையங்களிலும் கரிம வேதியியல் நடத்தும் நண்பர்களுக்கு,

போன மாதம் என் தம்பி மகள் ஒரு விடைத்தாளோடு வீட்டுக்கு வந்தாள். பி.எஸ்சி. வேதியியல், இரண்டாம் ஆண்டு. "பெரியப்பா, இந்தக் கேள்விக்கு அஞ்சுக்கு அஞ்சு போட்டிருக்காங்க. ஆனா எனக்கு என்னவோ இடிக்குது" என்றாள். கேள்வி இதுதான்: 1,3-வளையஹெக்சாடையீனோடு ஒரு மோல் ஹைட்ரஜன் புரோமைடு சேரும்போது, குறைந்த வெப்பநிலையிலும் அதிக வெப்பநிலையிலும் கிடைக்கும் முதன்மை விளைபொருள்களை வரைக.

அவள் இரண்டு அறுகோணம் வரைந்திருந்தாள். முதலாவதில் புரோமின் வலது தோளில் உட்கார்ந்திருந்தது. கீழே 'கைனெடிக், 1,2' என்று எழுத்து. இரண்டாவதில் புரோமின் அடிமுனையில் தொங்கியது. கீழே 'தெர்மோடைனமிக், 1,4'. இரண்டுக்கும் சிவப்பு மையில் சரிக்குறி. நான் இரண்டாவது படத்தை ஒரு மெல்லிய தாளில் படியெடுத்து, தாளைப் புரட்டி, கொஞ்சம் திருப்பி, முதல் படத்தின்மேல் வைத்தேன். புரோமின்மேல் புரோமின், இரட்டைக் கோட்டின்மேல் இரட்டைக் கோடு. அச்சாகப் பொருந்திவிட்டது. இரண்டும் 3-புரோமோவளையஹெக்சீன். ஒரே சேர்மத்தை இரண்டு கோணத்தில் வரைந்து, ஒன்றுக்குக் குளிர் என்றும் மற்றதற்குச் சூடு என்றும் பெயர் வைத்து, பிள்ளை முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள்.

திருத்தியவர் யார் என்று நான் கேட்கவில்லை. எழுபது தாளை இரண்டு நாளில் திருத்துகிறவரின் கை எப்படி ஓடும் என்பது எனக்குத் தெரியும். விடைக்குறிப்பில் இருந்ததைத் தாளில் தேடியிருப்பார், கண்டிருப்பார், குறியிட்டிருப்பார். எனவே இந்த மடல் அவர் ஒருவருக்கு இல்லை. 'குளிரில் 1,2, சூட்டில் 1,4' என்று கரும்பலகையில் எழுதி, அதைச் சுற்றிக் கட்டம் போட்டு, 'இதைக் குறித்துக்கொள்ளுங்கள், கட்டாயம் வரும்' என்று சொல்லும் நம் எல்லோருக்கும் எழுதுகிறேன். ஓய்வு பெறும்வரை நானும் அந்தக் கட்டத்தைப் போட்டவன்தான்.

என் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், குளிரில் செஞ்ச கலவையை அப்படியே வெளியே எடுத்து வெச்சா என்ன ஆகும்?" என்று கேட்டான். நான் கொஞ்சமும் யோசிக்காமல் "என்ன ஆகும்? வினைதான் முடிஞ்சுபோச்சே, ஒண்ணும் ஆகாது" என்றேன். அவனும் உட்கார்ந்துவிட்டான். சில ஆண்டுகள் கழித்து நூலகத்தில் ஒரு பழைய பாடநூலைப் புரட்டியபோதுதான் நான் சொன்னது தப்பு என்று தெரிந்தது. அதற்குள் அந்தப் பையன் படித்து முடித்துப் போய்விட்டான். இந்தப் பாடத்தின் சாரம் முழுவதும் அவன் கேட்ட அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது. கட்டத்துக்குள் இருந்த வாசகத்தில் அது இல்லை.

நீங்கள் அறிந்த எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1,3-பியூட்டாடையீன் சாதாரண வெப்பநிலையில் வாயு, மைனஸ் 4 டிகிரி செல்சியசை ஒட்டிக் கொதிப்பது. அதனோடு ஹைட்ரஜன் புரோமைடு சேர்வதை 1936-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் காராஷும் அவருடன் பணிபுரிந்தவர்களும் ஆராய்ந்து வெளியிட்டார்கள். பெராக்சைடு விளைவுப் பாடத்தில் நம் பிள்ளைகள் பெயர் படிக்கும் அதே காராஷ்தான். மைனஸ் 80 டிகிரியில் 3-புரோமோ-1-பியூட்டீன் 80 பங்கு, 1-புரோமோ-2-பியூட்டீன் 20 பங்கு. 40 டிகிரியில் இது தலைகீழ், 20-க்கு 80. நூலுக்கு நூல் சில விழுக்காடு முன்பின் இருக்கும், அது பெரிதில்லை. பெரிது எதுவென்றால், மைனஸ் 80-இல் கிடைத்த கலவையை அமிலத்தோடு அப்படியே 40 டிகிரிக்குக் கொண்டுவந்து வைத்தால் அதுவும் 20-க்கு 80 ஆகிவிடுகிறது. கடைசி பெஞ்சுக்காரனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். நம் வகுப்புக் குறிப்புகளில் முதல் இரண்டு வரியும் தவறாமல் இருக்கின்றன. மூன்றாவது வரியைக் காணோம். அதை விட்டுவிட்டால் மற்ற இரண்டும் வெறும் மனப்பாடம்.

அடுத்து, கார்பன் நேரயனியை நாம் நடத்தும் விதத்தில் எனக்கு ஒரு பெரிய குறை. டையீனின் முதல் கார்பனில் புரோட்டான் ஏறுகிறது. இரண்டாம் கார்பனில் ஏறினால் தனித்து நிற்கும் ஓரிணைய நேரயனிதான் கிடைக்கும், அதற்கு உடனிசைவின் துணை கிடையாது. ஆகவே முனைக் கார்பனில் ஏறி, அல்லைல் நேரயனி பிறக்கிறது. இதுவரை சரி. நேரயனியின் நிலைப்புத்தன்மைக்கு இந்த இடத்தில் உண்மையான வேலை இருக்கிறது. இதற்குப் பிறகு நாம் பலகையில் இரண்டு உடனிசைவு வடிவம் வரைகிறோம். ஒன்றில் நேர்மின்சுமை ஈரிணையக் கார்பனில், மற்றதில் ஓரிணையக் கார்பனில். பிள்ளைகள் உடனே இரண்டு அயனிகள் இருப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். 'ஈரிணைய அயனி அதிக நிலைப்பு உடையது, அதனால் குளிரில் அதிலிருந்து 1,2 வருகிறது. சூடு பட்டால் அது ஓரிணைய அயனியாக மாறி 1,4 தருகிறது' என்று ஒரு மாணவர் எழுதியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அங்கே இருப்பது ஒரே அயனி. அது முன்னும் பின்னும் ஊஞ்சலாடுவதில்லை. மின்சுமை இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் பரவிக் கிடக்கிறது, ஈரிணைய முனையில் சற்றுக் கூடுதலாக. நாம் போடும் இருதலை அம்பு பிள்ளைகள் கண்ணில் சமநிலைக் குறியாகத் தெரிகிறது. இதைச் சொல்லித் திருத்த இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை நாம் கொடுப்பதில்லை.

சரி, குளிரில் புரோமைடு ஏன் இரண்டாம் கார்பனையே நாடுகிறது? 'அங்கே மின்சுமை கூடுதல்' என்பது நம் வழக்கமான பதில். கேட்கப் பொருத்தமாகவும் இருக்கிறது. ஆனால் 1979-இல் நார்ட்லாண்டர், ஓவூர், ஹேக்கி ஆகிய மூவர் செய்த ஒரு சோதனையை உங்கள் வகுப்பில் சொன்னதுண்டா? 1,3-பென்டாடையீனை எடுத்துக்கொண்டார்கள். அதன் முனைக் கார்பனில் புரோட்டான் ஏறினால் வரும் அல்லைல் நேரயனிக்கு இரண்டு பக்கமும் ஒரே அமைப்பு: இரு முனையும் ஈரிணையம், இரண்டிலும் ஒவ்வொரு மெத்தில். மின்சுமையில் ஏற்றத்தாழ்வு கிடையாது. சாதாரண ஹைட்ரஜன் குளோரைடு சேர்த்தால் 1,2-ம் 1,4-ம் ஒரே பொருளாகிவிடும், பிரித்தறிய முடியாது. அதனால் டியூட்டீரியம் குளோரைடு சேர்த்தார்கள். ஏறிய அணு டியூட்டீரியம் என்பதால், குளோரின் அதற்குப் பக்கத்தில் வந்ததா, தள்ளி வந்ததா என்று அடையாளம் காணலாம். மின்சுமைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால் பாதிக்குப் பாதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. 1,2 தான் தெளிவாக மிகுதி. சுமை சமமாக இருந்தும் பக்கத்து இடமே நிரம்புகிறது என்றால் காரணம் அருகாமை. புரோட்டானை விட்டுக்கொடுத்த குளோரைடு அயனி ஓடிப்போவதில்லை, இணை அயனியாக அங்கேயே ஒட்டி நிற்கிறது.

பேருந்து நிலையத்தில் வண்டி உள்ளே நுழையும்போதே சன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிக்கிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் எந்தச் சன்னலுக்கு எதிரே நிற்கிறாரோ அந்த இருக்கையில்தான் துண்டு விழும். நல்ல இருக்கையா, டயருக்கு மேலே கால் நீட்ட முடியாத இருக்கையா என்று அப்போது பார்க்க நேரமில்லை. நான் வகுப்பில் இந்த உவமையைத்தான் சொல்லுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள். உட்கார்ந்த இடம் பிடிக்கவில்லை என்றால் எழுந்து மாற முடியுமா, முடியாதா என்பதுதான் அடுத்த கேள்வி. வெப்பநிலை உள்ளே வருவது அங்கேதான்.

நாம் எதைச் சொல்லித் தருகிறோம்? 'சூடு கொடுத்தால் மூலக்கூறுகளுக்கு ஆற்றல் கூடுகிறது, அதனால் உயரமான தடையையும் தாண்டி 1,4 பொருளுக்குப் போகின்றன' என்கிறோம். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. அது எவ்வளவு தூரம் செல்லும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், பலகையில் நான்கு வரி. மைனஸ் 80 டிகிரி என்பது 193 கெல்வின். 80-க்கு 20 என்றால் வேகங்களின் விகிதம் 4. வாயு மாறிலியையும் வெப்பநிலையையும் 4-இன் இயல்மடக்கையையும் பெருக்கினால், இரு பாதைகளின் தடைகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் மோலுக்கு ஏறத்தாழ 2.2 கிலோஜூல். தண்ணீரில் இருக்கும் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் வலிமையில் பத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். இந்த வித்தியாசம் வெப்பநிலையோடு மாறாது என்று வைத்துக்கொண்டு 313 கெல்வினுக்கு, அதாவது 40 டிகிரிக்கு, விகிதத்தைக் கணக்கிடுங்கள். ஏறத்தாழ 70-க்கு 30 வரும். சூட்டிலும் 1,2 தான் முன்னே நிற்கிறது! முன்னோக்கிய பாதைகளை மட்டும் சூடு வேகப்படுத்தினால் 80 என்பது 70 ஆகும், 20 ஆகாது. அதே கணக்கை 0 டிகிரிக்குப் போட்டால் 73-க்கு 27. பாடநூல்கள் 0 டிகிரிக்குத் தரும் விகிதம் 71-க்கு 29. இந்த ஒற்றுமையைப் பார்த்த அன்று நான் நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டேன்.

ஆக 0 டிகிரி வரைக்கும் வேகக் கணக்கு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது, 40 டிகிரியில் அது அடியோடு பொய்த்துப்போகிறது. இடையில் என்ன நடந்தது? திரும்பும் வழி திறந்துவிட்டது. 3-புரோமோ-1-பியூட்டீனில் உள்ள கார்பன்-புரோமின் பிணைப்பு முறிந்து, பழைய அல்லைல் நேரயனி மறுபடி பிறக்கிறது. துண்டு போட்டவர் எழுந்துவிட்டார். இனி அவர் எங்கே உட்கார்ந்தாலும் மறுபடி எழலாம். எங்கிருந்து எழுவது கடினமோ அங்கேதான் கடைசியில் கூட்டம் சேரும். 1,4 பொருளில் இரட்டைப் பிணைப்பு நடுவில், இரண்டு பக்கமும் கார்பன் தொகுதிகளோடு இருக்கிறது. 1,2 பொருளில் அது ஓரத்தில் ஒற்றைத் தொகுதியோடு இருக்கிறது. ஆகவே 1,4 பள்ளம் ஆழமானது, விழுந்தது எளிதில் ஏறி வராது. சூடு 1,4-ஐ உண்டாக்கும் மந்திரம் எதையும் செய்யவில்லை. 1,2-ஐ அவிழ்க்கிறது, அவ்வளவே.

இதைச் சொல்லிவிட்டால் அடுத்து ஒன்று தானாகவே விளங்கிவிடும். கடைசி ஆட்டத்தில் வெல்வது விளைபொருளின் நிலைப்புத்தன்மை. அது 1,4-க்கே பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டது இல்லை. 4-மெத்தில்-1,3-பென்டாடையீனை எடுங்கள். அதில் ஹாலஜன் பக்கத்துக் கார்பனில் சேர்ந்தால் மிஞ்சும் இரட்டைப் பிணைப்பில் மூன்று கார்பன் தொகுதிகள். தள்ளிப்போய் நான்காம் கார்பனில் சேர்ந்தால் மிஞ்சுவதில் இரண்டுதான். அங்கே அதிக நிலைப்பு உடையது 1,2 பொருள். உங்கள் கட்டத்து வாசகத்தை நம்பிய பிள்ளை சூட்டில் 1,4 என்று எழுதி மாட்டிக்கொள்வாள். 2,4-ஹெக்சாடையீனில் இரண்டு பொருளிலும் இரட்டைப் பிணைப்புக்கு ஒரே அளவு துணை, பெரிய வித்தியாசம் இல்லை. வளையஹெக்சாடையீனில் இரண்டு பொருளே இல்லை. பியூட்டாடையீன் ஒன்றுக்குச் சரியாக இருப்பதை டையீன் எல்லாவற்றுக்கும் விதியாக்கிவிட்டோம்.

'குறைந்த', 'அதிக' என்ற சொற்களையும் நாம் அளவில்லாமல் புழங்குகிறோம். அதே பருவத்தில் அதே மாணவர்களுக்கு நாப்தலீனை சல்போனேற்றம் செய்வதை நடத்துகிறோம். 80 டிகிரியில் 1-சல்போனிக் அமிலம், 160 டிகிரியில் 2-சல்போனிக் அமிலம். அங்கே 80 டிகிரி 'குறைந்த' வெப்பநிலை. பியூட்டாடையீனுக்கு 40 டிகிரியே 'அதிகம்'. எந்த மாணவராவது இதைக் கேட்டிருக்கிறாரா உங்களிடம்? கேட்கவில்லை என்றால் இரண்டு பாடத்தையும் இரண்டு தனிச் சரக்காக மூட்டை கட்டி வைத்திருக்கிறார் என்று பொருள். திரும்பும் வழி எந்த வெப்பநிலையில் திறக்கிறது என்பதைப் பொறுத்தே குறைவும் அதிகமும். காலமும் இதில் ஒரு கை. குளிரிலும் போதுமான நேரம் காத்திருக்க முடிந்தால் கலவை சமநிலையை நோக்கித்தான் நகரும். நம் ஆயுள் போதாது, அவ்வளவுதான்.

தொழிற்சாலைக்காரர்கள் நம்மைவிடக் கெட்டி. நியோப்ரீன் ரப்பருக்கு வேண்டிய குளோரோப்ரீனை பியூட்டாடையீனில் இருந்து செய்யும் முறையைப் பாருங்கள். குளோரினேற்றத்தில் 3,4-டைகுளோரோ-1-பியூட்டீனும் 1,4-டைகுளோரோ-2-பியூட்டீனும் கலந்து வருகின்றன. (அந்த முதற்படி நேரயனி வழியில் நடப்பது இல்லை, தனி உறுப்பு வழியில் நடப்பது. அது வேறு கதை.) அவர்களுக்குத் தேவை முதலாவது. நிலைப்பில் குறைந்தது அதுதான். நம் கட்டத்தின்படி குளிர வைக்க வேண்டும், இல்லையா? அவர்கள் தாமிர உப்பு வினையூக்கியைப் போட்டுச் சூடாக்குகிறார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று மாறிக்கொண்டே இருக்க, குறைந்த கொதிநிலை உள்ள 3,4 பொருளை வடித்து வெளியே எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். எடுக்க எடுக்கச் சமநிலை அந்தப் பக்கமே சாய்கிறது. சூட்டில் 1,2 வகைப் பொருள்! லெ சாட்லியர் கொள்கையைப் பதினோராம் வகுப்பிலேயே நடத்திவிட்டோம். இங்கே அதை நினைவுபடுத்த நமக்குத் தோன்றுவதில்லை.

நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். நானே அதை ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். பாடத்திட்டம் நீளம், பருவம் குறுகல், இந்தப் பகுதிக்கு ஒரு மணி நேரம்தான், வினா வங்கியில் வருவது இரண்டு மதிப்பெண் கேள்வி, பிள்ளைகளுக்கு வேண்டியது தேர்ச்சி. எல்லாம் உண்மை. ஆனால் அந்த வினா வங்கியைத் தொகுத்ததும் நம்மில் ஒருவர்தானே? அந்தக் கேள்வியை வைத்ததும் விடைக்குறிப்பை எழுதியதும் நாம்தானே? நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: சூத்திரத்தைப் பாட்டாகக் கட்டிச் சொல்லித் தருகிறீர்கள், பிள்ளைகள் விடையைக் குறித்துவிடுகிறார்கள். ஆனால் முதுநிலைப் படிப்புக்கு வந்து ஆய்வுக்கூடத்தில் ஈனோலேட்டைக் கையாளும் நாளில், மைனஸ் 78 டிகிரியில் ஏன் செய்கிறோம் என்று வழிகாட்டி கேட்கும்போது அதே பிள்ளைகள் விழிக்கிறார்கள். அங்கேயும் இதே கதைதான். முன்பே புரிந்திருந்தால் அது புதுப்பாடமாகவே இருந்திருக்காது.

நான் கேட்பது பெரிதில்லை. பலகையில் அந்தக் கட்டத்தைப் போடாதீர்கள். அந்த இடத்தில் பியூட்டாடையீனின் ஆற்றல் வரைபடத்தைப் போடுங்கள். நடுவில் ஒரே ஒரு அல்லைல் நேரயனி, இரு பக்கமும் இரண்டு பள்ளம், முன்னோக்கி மட்டுமில்லாமல் பின்னோக்கியும் அம்பு. பிறகு வளையஹெக்சாடையீனையும் மெத்தில் பென்டாடையீனையும் பிள்ளைகள் கையில் கொடுத்து, வாயை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். விடைத்தாளில் 'குறைந்த வெப்பநிலை, 1,2' என்று மட்டும் எழுதியிருந்தால் அரை மதிப்பெண்ணுக்கு மேல் போடாதீர்கள். அடுத்த பருவத்துக்கு வினாத்தாள் எடுக்க உட்கார்ந்திருப்பவர்கள் பழைய கேள்வியை எடுத்துவிட்டு இதை வையுங்கள்: 'மைனஸ் 80 டிகிரியில் பியூட்டாடையீனோடு ஹைட்ரஜன் புரோமைடைச் சேர்த்துக் கிடைத்த கலவை, அமிலம் நீக்கப்படாமல் 40 டிகிரியில் வைக்கப்படுகிறது. என்ன நிகழும்? வினைவழியோடு விளக்குக.' கடைசி பெஞ்சுக்காரன் என்னிடம் கேட்ட கேள்விதான் இது.

இன்னும் ஒன்று. என் தம்பி மகள் அந்த விடைத்தாளைத் தன் ஆசிரியரிடம் திரும்ப எடுத்துக்கொண்டு போகப்போகிறாளாம். மதிப்பெண் குறைந்தால் குறையட்டும் என்கிறாள், ஆனால் அவர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்குகிறாள். அவர் யாரென்று எனக்குத் தெரியாது, உங்களில் ஒருவர். அவள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றால் உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். கையில் ஒரு மெல்லிய தாளும் வைத்திருப்பாள். அதை வாங்கி, புரட்டி, முதல் அறுகோணத்தின்மேல் நீங்களே வைத்துப் பாருங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு வேதியியல் ஆசிரியன்